ஞாயிற்றுக்கிழமை எடுக்காத அளவு

என் வேலை தண்ணீரை அளப்பது. ஓடுகிற தண்ணீரை அளப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் அளந்தது காணாமல் போகிற தண்ணீரை. பேச்சிப்பாறையில் திறந்துவிடுகிற தண்ணீர் முழுவதும் வயலுக்கு வந்து சேர்வதில்லை. வழியில் வெயில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மண் கொஞ்சம் குடிக்கும், மனிதர்கள் கொஞ்சம் திருடுவார்கள். இந்த மூன்றில் யார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பாதியில் எனக்கு இருபத்து நாலு வயது. மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பும் சர்வே பரீட்சையும் முடித்து ஓவர்சியராக வந்தவன். மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்குத் தெரியாதது உலகத்தில் அதிகம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் மலையடிவாரத்தை ஒட்டிப் போகிற ஒரு பாசனச் சானலில் தகராறு கிளம்பியிருந்தது. சானல் முடிகிற இடத்தில் இருக்கும் வயல்காரர்கள், எங்கள் பேச்சில் கடைவரம்புக்காரர்கள், இரண்டு பூ விளைச்சலாகத் தங்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று மனு எழுதிப் போட்டிருந்தார்கள். மனுவில் குற்றம் ஒரே ஒரு மனிதர் மேல் இருந்தது. சானலின் மடைப் பலகைகளை ஏற்றி இறக்கும் மடைக்காரர், யாரும் பார்க்காத நேரத்தில் மேல்பக்கம் இருக்கிற மேலூர் வயல்களுக்குத் திறந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தார்கள்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, இடுப்பில் ஒரு துண்டு, தோளில் மண்வெட்டி. அவர் அப்பாவும் அதே சானலில் மடைக்காரராக இருந்தவர். எங்கள் இன்ஜினீயர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"தண்ணி மண்ணுக்குள்ள போவுது ஏமானே. நான் என்ன, மடியில கெட்டிக்கிட்டா போனேன்?" என்றார்.

இன்ஜினீயருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "மண் குடிக்கிறதா மனுஷன் குடிக்கிறானா என்று அளந்து பார்த்துவிடலாம். மண் என்றால் களிமண் போட்டு அடைப்போம். மனுஷன் என்றால் உம்மை விலக்குவோம்" என்றார். அளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த மனிதரின் பிழைப்பும் பேரும் என் அளவுப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

முறை எளிதானது. கும்பப்பூ அறுவடை முடிந்து சானலை அடைக்கிற சமயத்தில், கடைசியாக வருகிற தண்ணீரை ஒரு பர்லாங்கு தூரத்துக்கு இரண்டு பக்கமும் மண் அணை கட்டி நிறுத்த வேண்டும். இடையில் உள்ள மடைகளைக் களிமண் வைத்துப் பூசிவிட வேண்டும். தண்ணீருக்குள் அங்குலம் குறித்த ஒரு பனங்கட்டையை நட்டு, காலையும் மாலையும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுத வேண்டும். வெயில் குடிப்பதைத் தனியாகத் தெரிந்துகொள்ள, கரையில் ஒரு செம்புச் சட்டியைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, அதிலும் தண்ணீர் ஊற்றி அளக்க வேண்டும். சட்டியில் இறங்கியதைச் சானலில் இறங்கியதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மண் குடித்தது. ஆறு நாள் விடாமல் எடுத்தால் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை காலையில் தண்ணீரைக் கட்டினோம். காற்று இன்னும் எழும்பவில்லை. மடைக்காரர் மடியிலிருந்து ஒரு பிடி உமி எடுத்துத் தண்ணீர் மேல் தூவினார். கணவாய்க் காற்று வந்துவிட்டால் உமி அது போகும் பக்கம் போய்விடும், அதனால்தான் விடியலிலேயே வந்தேன் என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். உமி மெதுவாக நகர்ந்து, சானல் வளைகிற இடத்தில் கூடி நின்றது.

"பாத்தியளா சாரே? அங்கனதான் வாய் இருக்கு. அடியில முழுக்கச் சரல் கல்லு. எங்க அப்பா காலத்துலயே தண்ணி குடிக்கிற எடம்."

நான் சிரித்தேன். "உமியைப் பார்த்து ரிப்போர்ட் எழுத முடியாது" என்றேன். அவரும் சிரித்தார், ஆனால் முகம் சுண்டிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் சோதனை முடியும்வரை அவர் அந்தக் கரைப்பக்கம் வரக்கூடாது என்பது இன்ஜினீயரின் உத்தரவு. அதைச் சொன்னதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நல்ல இறக்கம். சனிக்கிழமையும் அப்படியே. நாளுக்கு மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. வெயில் குடித்ததைக் கழித்தாலும் மண்ணின் பங்கு பெரிது. அந்த இரண்டு நாளோடு நிறுத்தியிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா சபை உபதேசியார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை. சனிக்கிழமை வடித்த சோறுதான். கிணற்றில் வாளி இறங்கக்கூடாது என்று முந்தின நாளே பானைகளெல்லாம் நிறைந்திருக்கும். பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகூட நான் பாடப் புத்தகத்தைத் தொட்டதில்லை. அதற்காக அப்பாவுக்கு என்மேல் ஒரு தனிப் பெருமை, எனக்கு என்மேல் அதைவிடப் பெருமை.

சோதனை தொடங்கும் முன்பே இன்ஜினீயரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்புக் கேட்டிருந்தேன். "ஞாயிற்றுக்கிழமை என்று தண்ணீர் இறங்காமல் நிற்குமா? நீர் அங்கேதான் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் வேறு ஒருவரை அனுப்பியிருப்பார், காரியம் நேராக முடிந்திருக்கும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு, ஊருக்குப் போவதென்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டேன். கடவுளுக்குக் கீழ்ப்படிவதா இன்ஜினீயருக்குக் கீழ்ப்படிவதா என்று பெரிய வீரன்போல எனக்கு நானே கேட்டுக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. கடவுளுக்குக் கீழ்ப்படிகிறவன் அதை இன்ஜினீயரிடம் சொல்லிவிட்டல்லவா போக வேண்டும்? அந்தக் கேள்வி அப்போது வரவில்லை.

அளவுச் சங்கிலி பிடிக்க என்னோடு இருந்த ஆளும் எங்கள் சபைக்காரர்தான். சனிக்கிழமை மாலை அளவை எழுதிவிட்டு அவரையும் ஊருக்கு அனுப்பினேன். பிறகு சைக்கிளை எடுத்து மிதித்தேன். ஒரு நாள்தானே, திங்கட்கிழமை காலையில் பார்த்துவிட்டு மூன்று வேளைக்குப் பங்கு வைத்து எழுதிவிடலாம் என்பது என் கணக்கு.

ஞாயிறு ஆராதனையில் அப்பா ஜெபம் செய்தார். பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படியாக, "சர்க்கார் உத்தியோகத்திலிருந்தும் உம்முடைய நாளை மறவாத பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிவினால் அல்ல, முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடக்கூடாதே என்றுதான். எங்கள் ஊரில் அன்று வானம் வெளுத்துக் கிடந்தது. காய்ச்சி எடுத்தது வெயில்.

திங்கட்கிழமை விடியலிலேயே புறப்பட்டு ஒன்பது மணிவாக்கில் கரைக்கு வந்தேன். முதலில் கண்ணில் பட்டது தண்ணீரின் நிறம். சனிக்கிழமை தெளிவாக இருந்த தண்ணீர் செம்மண் கலங்கி நின்றது. மலைச் சரிவிலிருந்து மழைநீர் ஓடி வந்த கோடுகள் கரையில் அப்படியே இருந்தன. பனங்கட்டையில் நாலரை அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும். ஓர் அங்குலம்தான் இறங்கியிருந்தது.

செம்புச் சட்டியிடம் போனேன். அது விளிம்பு தொட நிறைந்திருந்தது. மேலே இரண்டு இலைகளும் செத்த எறும்புகளும் மிதந்தன. சித்திரைக்கு முன்னால் மலையடிவாரத்தில் மட்டும் பெய்கிற திடீர் மழை. அடுத்த ஊருக்கே தெரியாமல் அரைமணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். சோதனை கெட்டுவிட்டது, மழை பெய்தது, மறுபடி கட்டி அளக்க வேண்டும் என்று எழுத வேண்டும். ஆனால் எத்தனை மணிக்குப் பெய்தது, எவ்வளவு நேரம் பெய்தது என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்றால், அப்போது நீர் எங்கே இருந்தீர் என்று கேட்பார்கள்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. குனிந்து, சட்டியைச் சுற்றியிருந்த மண்ணைக் கையால் தோண்டி, அதைச் சாய்த்தேன். எவ்வளவு தண்ணீர் இருந்திருக்க வேண்டுமோ அவ்வளவை விட்டு மீதியைக் கொட்டினேன். திரும்ப நிமிர்த்தி, மண்ணைத் தள்ளி, மேலே தட்டிவிட்டேன். பிறகு புத்தகத்தை எடுத்து, ஞாயிறு காலை, ஞாயிறு மாலை, திங்கள் காலை என்று மூன்று வரி எழுதினேன். மழை என்ற கட்டத்தில் மூன்று இடத்திலும் 'இல்லை' என்று போட்டேன். எழுத்து நன்றாகவே வந்தது.

எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மண் முதலில் தாகத்தோடு குடிக்கும், வயிறு நிறைந்ததும் நிறுத்திவிடும் என்று இன்ஜினீயரே ஒருமுறை சொல்லியிருந்தார். ஆகவே முதல் இரண்டு நாள் அளவுதான் தவறு, பிந்தியதுதான் சரி என்று வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடி மூன்று அங்குலம் இறங்கியது. அதை ஒன்றரை என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வேலை செய்யக்கூடாது என்று போனவன், திங்களும் செவ்வாயும் உட்கார்ந்து பொய் எழுதினேன்.

புதன்கிழமை இன்ஜினீயர் வந்தார். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் புத்தகத்தை வாசித்தார். கடைவரம்புக்காரர்கள் ஒரு பக்கமும் மேலூர்க்காரர்கள் ஒரு பக்கமும் நின்றார்கள். மடைக்காரர் நடுவில் நின்றார். மண்ணின் பங்கு சொற்பம் என்று இன்ஜினீயர் சொன்னதும் அவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஏமானே, ஞாயித்துக்கெழம மத்தியானம் கழிஞ்சு மழ பெஞ்சுது. அந்தத் தண்ணியும் அதுல சேந்திருக்கு. அதக் கழிச்சியளா?"

கடைவரம்புப் பக்கத்திலிருந்து ஒருவர், "மழையா? எங்க ஊருல ஒரு துளி விழல்லியே!" என்றார். பெய்தது உண்மை என்று மேலூர்க்காரர்கள் இரண்டு பேர் சொன்னார்கள். திருட்டுத் தண்ணீர் யார் வயலுக்குப் போனது என்று பேச்சோ, அவர்களே சாட்சிக்கு வந்தால் யார் நம்புவார்கள்? எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

இன்ஜினீயர் என் பக்கம் திரும்பினார். "நீர் இங்கேதானே இருந்தீர். மழை உண்டா?"

மடைக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயமே இல்லை, அதுதான் எனக்கு இன்றும் பொறுக்க முடியாதது. என்னைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி வந்தது. வேதக்காரப் பையன், பொய் சொல்லமாட்டான் என்று நினைத்திருப்பார்.

"இல்லை சார்" என்றேன்.

அடுத்த பூவுக்கு வேறு மடைக்காரர் வந்தார். பழையவர் மனைவியோடு வீட்டை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமே என்று பயம். என் ரிப்போர்ட் தெளிவாக இருந்தது என்று இன்ஜினீயர் பாராட்டினார். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குப் போனேன், ஆனால் அப்பா ஜெபிக்கும்போது எனக்கு வியர்த்துக் கொட்டும். ஒருமுறை அவரிடம் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். சொல்லாமலே எழுந்துவிட்டேன். அவரும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

புது மடைக்காரர் வந்தும் கடைவரம்புக்குத் தண்ணீர் எட்டவில்லை. அவரையும் மாற்றினார்கள். மூன்றாவது ஆளும் வந்தார். தண்ணீர் வரவில்லை. முப்பதுகள் பிறந்து சில வருஷமான பிறகு, ஒரு படி உயர்ந்திருந்த நானே மறுபடி அளந்து பார்க்க வேண்டும் என்று எழுதினேன். என் இன்ஜினீயர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்குப் பழைய கதை தெரியாது. ஒத்துப்பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பழைய அளவுப் புத்தகத்தையும் ஆபீசிலிருந்து வாங்கி வந்தேன்.

இந்தமுறை ஞாயிற்றுக்கிழமை கரையை விட்டு நகரவில்லை. முதல் நாள் விடியலில், ஆட்கள் வரும் முன், ஒரு பிடி உமி தூவினேன். அது அதே வளைவில் போய்க் கூடி நின்றது. ஏழு நாளும் மழையில்லை. நாள் தவறாமல் மூன்று அங்குலம் இறங்கியது. அந்த வளைவைத் தோண்டிப் பார்த்தால், அவர் சொன்னபடியே முழங்கால் ஆழத்தில் முழுக்கச் சரல். எத்தனை தண்ணீரை ஊற்றினாலும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

களிமண் போட உத்தரவானது. குளத்தில் வெட்டிய களிமண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, சரலின் மேல் பரப்பி, தண்ணீர் தெளித்து, எருமைகளை விட்டு மிதிக்க வேண்டும். மனிதர் மிதித்தால் போதாது. எருமைக் குளம்புதான் மண்ணுக்குள் இருக்கிற காற்றைப் பிதுக்கி எடுக்கும். பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து வாடகைக்கு எருமைகள் வந்தன. ஓட்டி வந்தவர்களில் கடைசி ஆள் அந்தப் பழைய மடைக்காரர். தலை முழுக்க நரைத்திருந்தது. தோளில் மண்வெட்டி இல்லை, கையில் ஒரு குச்சி.

மூன்று நாள் அவர் என் கண்ணெதிரே, தன் அப்பா காலத்து வாயை அடைக்கிற மண்ணில் எருமைகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். என்னைக் கண்டால் கும்பிட்டார். நான் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நடந்தேன். நாலாம் நாள் மத்தியானம் எருமைகளை அவிழ்த்துவிட்ட நேரத்தில் அவராகவே வந்தார்.

"சாரே, ஒரு காரியம் கேக்கணும். கோவப்படப்பிடாது."

"கேளுங்க."

"அந்த ஞாயித்துக்கெழம மழ பெஞ்சுதா, பெய்யல்லியா?"

நான் குடையை மடக்கத் தொடங்கினேன். என்னைச் சங்கடப்படுத்திவிட்டோமோ என்று நினைத்து அவரே அவசரமாகத் தொடர்ந்தார்.

"பெஞ்சுதுண்ணுதான் நான் இருந்தேன். கூரத் தண்ணிக்குப் பானை வச்சதாட்டு ஓர்ம. ஆனா புஸ்தகத்துல இல்லேண்ணு ஏமான் வாசிச்சாரு. நீங்களும் இல்லேண்ணு சொன்னிய. நீங்க கள்ளம் சொல்லுற ஆளு இல்ல. பொறவு எனக்கே சந்தேகமாயிட்டு. வேற நாளு பெஞ்சத மாத்தி நெனச்சனோ என்னமோ. வீட்டுக்காரிட்ட கேட்டா அவளுக்கும் ஓர்ம இல்ல. மழ பெஞ்ச நாளு தெரியாதவன் என்ன மடைக்காரன்? எறக்கி விட்டது ஞாயந்தாண்ணு மனச தேத்திக்கிட்டேன்."

அவருடைய வேலையைப் பறித்துவிட்டேன் என்று இத்தனை வருஷமும் வருந்திக்கொண்டிருந்தேன். அவர் கண்ணால் பார்த்ததையே அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. களிமண் குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பெஞ்சுது" என்றேன். "நான் இங்க இல்ல. கோவிலுக்குப் போயிருந்தேன். திங்கக்கிழமை வந்து பாத்தா சட்டி நிறைஞ்சு கெடந்துது. நான்தான் சாய்ச்சுவிட்டேன்."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திரும்பி வளைவைப் பார்த்தார்.

"அப்பம் எனக்கு ஓர்ம சரிதான்" என்றார். முகம் தெளிந்திருந்தது. பிறகு, "அத அந்தப் புஸ்தகத்துல ஏத்திப் போடுவியளா சாரே?" என்று கேட்டார்.

"புஸ்தகம் திருவனந்தபுரம் போயிட்டு" என்றேன்.

அது ஐம்பது அடி தள்ளி, கூடாரத்துக்குள் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

"போவட்டும். ஒங்களுக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு அவர் எருமைகளை ஓட்டப் போனார்.

அன்று சாயங்காலம் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்தேன். இன்னும் ஒரு மாதத்தில் எனக்கு அடுத்த உயர்வு வர இருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். 'மழை: இல்லை' என்ற எழுத்து கொஞ்சமும் மங்காமல் இருந்தது. பேனாவை மூடினேன். மறுநாள் புத்தகத்தை ஆபீசுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்த கன்னிப்பூவுக்குக் கடைவரம்பு வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஒரு வாழைக்குலையைச் சுமந்துவந்து எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். பழைய மடைக்காரர் அதே வருஷம் இறந்துவிட்டதாக எருமைக்காரர் ஒருவர் பிறகு சொன்னார். ஆபீஸ் அலமாரியில் இருக்கும் அந்தப் புத்தகத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் மழை பெய்யவில்லை.